கிண்ணக் காளானின் மூச்சு

கிண்ணக் காளானைச் சமைத்துச் சாப்பிடலாமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். உங்கள் ஏட்டும் வரும் வழியில் ஜீப்பில் அதைத்தான் கேட்டார். சாப்பிட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை என்று சொன்னேன். எருக்குழியில் முளைப்பது, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, கறிக்கு எந்த மூலைக்கும் போதாது. அவருக்கு அதோடு ஆர்வம் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் ஐயா, கலியமூர்த்தியை அழைத்துவரச் சேதராப்பட்டுக்கு ஆள் அனுப்பப்போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். அவர் வந்தால் அழுவார், பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார், பொழுது போய்விடும். ஸ்டெல்லாமேரிக்கு நான் போய்த்தான் சோறு போட வேண்டும். உள்ளதை நானே சொல்லிவிட்டால் சீக்கிரம் முடியும். எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் வேகமாகப் பேசுவேன், பாடம் நடத்திப் பழகிய வாய்.

என் பெயர் சுலோசனா. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஸ்டெல்லாமேரி என்னோடு ஒரே ஆய்வறையில் வேலை செய்தவள். இப்போது அவளுக்குக் கண் தெரியாது. சாரத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில் என் பராமரிப்பில் இருக்கிறாள். கலியமூர்த்தி எங்கள் அறையில் எடுபிடியாக இருந்தவர். அவர் மருந்துக் குப்பியைச் சரியாக மூடாமல் வைத்ததால்தான் ஸ்டெல்லாவுக்குக் கண் போயிற்று என்று கல்லூரியில் முடிவு செய்து அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். இப்போது புகார் கொடுத்திருப்பது அவராகத்தான் இருக்கும். மனிதர் மறக்கமாட்டார் போலிருக்கிறது.

நடந்தது புரிய வேண்டுமானால் எங்கள் வேலை என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். காளானின் கிண்ணத்துக்குள் நீள நீளமாகப் பைகள் நெருக்கியடித்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் எட்டு வித்துகள் உருவாகும். சாதாரண மைக்ராஸ்கோப்பில் பையும் தெரியும், வித்தும் தெரியும். ஆனால் வெறும் கூழாக இருந்த பைக்குள் வித்து எப்படித் தனியாகப் பிரிகிறது, அதைச் சுற்றிச் சுவர் எப்படி எழும்புகிறது என்பது தெரியாது. அதற்கு எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். அது நம் ஊரில் இல்லை. பாரிஸில் ஒரு பேராசிரியரிடம் இருந்தது. காளான் எங்களுடையது, கருவி அவருடையது என்று ஓர் ஏற்பாடு. ரெட்டியார்பாளையத்தில் என் அண்ணன் இராமதாஸ் வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்து எரு கொண்டுவந்து காளான் வளர்ப்போம். அண்ணி எனக்கு வைத்த பெயர் சாணி டீச்சர். வளர்ந்ததை மருந்தில் நிறுத்தி, பிளாஸ்டிக்கில் பதித்து, சீவல் சீவலாக நறுக்கி, குட்டிச் செப்பு வலைகளில் ஏற்றி அனுப்புவோம். அங்கிருந்து படங்கள் வரும்.

நிறுத்துவது என் வேலை, நறுக்குவது அவள் வேலை. நிறுத்துவது என்றால் என்னவென்று கேட்பீர்கள். உயிரோடு இருப்பது எதுவும் ஒரு நிலையில் நிற்காது. இந்தக் கணம் பார்த்ததை அடுத்த கணம் பார்க்க முடியாது. ஆஸ்மியம் என்று ஒரு மருந்து இருக்கிறது. அதன் ஆவி பட்டாலே போதும், காளான் அப்போது எப்படி இருந்ததோ அப்படியே நின்றுவிடும். அதற்குமேல் வளராது, அழுகாது, சுருங்காது. கொஞ்சம் கருக்கும், அவ்வளவுதான். செத்துப்போச்சு என்று கலியமூர்த்தி சொல்வார். நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. கெட்டுப்போகாமல் காப்பாற்றியிருக்கிறோம் என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

ஸ்டெல்லாவின் வேலை கஷ்டமானது. உடைத்த கண்ணாடியின் விளிம்புதான் கத்தி. நறுக்கிய சீவல் தண்ணீரில் மிதக்கும். வெள்ளியாக மின்னினால் நல்ல மெலிவு, பொன்னாக மின்னினால் சுமார், ஊதாவாகத் தெரிந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். அந்த நிறத்தைக் கண்டுபிடிக்கக் கண் வேண்டும். நானும் முயன்று பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே பளபளப்பாகத்தான் தெரிந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, புருவ மயிர் ஒட்டிய ஒரு குச்சியால் சீவலைத் தள்ளித் தள்ளி வலைமேல் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அந்த வருஷங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் படங்கள் வந்த அன்று இருவரும் சோறு தின்னவில்லை. பைக்குள் இரட்டைச் சவ்வு ஒன்று மடிந்து மடிந்து வந்து, கூழை எட்டுப் பங்காகச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டு சவ்வுக்கும் இடையில்தான் சுவர் எழும்புகிறது. ஸ்டெல்லா எட்டு வித்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுப் பங்கும் பிரிந்த பிறகு சுவருக்கு வெளியே கொஞ்சம் கூழ் மிஞ்சிவிடுகிறது. வித்துகளுக்கு ஊட்டம் கொடுப்பதும், சுவரின் வெளிப்பூச்சைப் பூசுவதும் அந்த மிச்சம்தான். பூசி முடித்ததும் அதற்கு வேலை இல்லை. பை வெடித்து வித்துகள் காற்றோடு போய்விடும். மிச்சத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

"என்னாடி, அந்தக் கூழையே பாத்துக்கினு இருக்க?" என்றாள் ஸ்டெல்லா.

"பாவமா இருக்கு" என்றேன்.

"உனக்கு எதுலதான் பாவம் இல்ல" என்று சிரித்தாள்.

இப்போது அந்த மூச்சைப் பற்றிச் சொல்கிறேன். அதுதான் முக்கியம். கிண்ணக் காளானை மூடி போட்ட கண்ணாடித் தட்டில் ஈரத்தோடு வைத்திருப்போம். மூடியைத் திறந்து வெளிக்காற்று பட்டதும் முதிர்ந்த பைகள் எல்லாம் ஒரேயடியாக வெடிக்கும். வித்துகள் மெல்லிய புகையாக எழும்பும். முகத்தைக் கிட்டத்தில் வைத்தால் உஸ் என்று சன்னமான சத்தம் கேட்கும். ஸ்டெல்லா அதைத்தான் மூச்சு என்பாள். காலையில் வந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் தட்டின் மூடியைத் தூக்கி, "பொன்ழூர்" என்று காளானுக்கு வணக்கம் சொல்லி, குனிந்து நிற்பாள். மூச்சு வந்தால் அந்தத் தட்டு தயார், அன்றைக்கே என்னிடம் வரும். வராவிட்டால் இன்னும் குனிந்து, கண்ணை இமைக்காமல், அந்தப் புகை கிளம்புகிறதா என்று காத்திருப்பாள். வேறு எந்த ஆய்வறையிலும் இப்படிச் செய்வார்களா என்று தெரியாது. எங்கள் அறையில் அதுதான் வழக்கம்.

அறுபதாம் வருஷ மழைக்காலத்தில் பாரிஸ் பேராசிரியர் அவளை அங்கேயே வந்துவிடச் சொன்னார். அவளை மட்டும். நிறுத்துவதற்கு அங்கே ஆட்கள் இருந்தார்களாம், நறுக்கும் கைதான் இல்லையாம். அவளுக்குப் போவதும் சுலபம். அவளுடைய அப்பா சொல்தா, சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அவளும் பிரெஞ்சுப் பிரஜை. பிரெஞ்சுக்காரர்கள் போய்க் கொடி மாறியபோது ஊரெல்லாம் பட்டாசு வெடித்தோம், நானும்தான் வெடித்தேன். ஆனால் அவளைப் போன்றவர்களுக்கு ஒரு கதவு திறந்தே இருந்தது. எனக்கு அப்படி எதுவும் இல்லை.

"நீயும் வாயேன் சுலோ. நான் அவருகிட்ட எழுதறேன்" என்றாள்.

"என்னை வெச்சிக்கினு அவரு என்னா பண்ணுவாரு? போனா திரும்பி வருவியா?"

"வராம எங்கடி போயிடப்போறேன்?"

அதைச் சொல்லும்போது அவள் தண்ணீரில் மிதந்த சீவலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

அவள் போனால் எங்கள் அறையை விலங்கியலுக்குக் கொடுத்துவிடுவதாகக் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அண்ணன் அதற்குள் வந்துவிட்டார். "அந்தப் பொண்ணும் போயிட்டா நீ தனியா எதுக்கு சாரத்துல வீடு வெச்சிக்கினு இருக்கணும்? வந்துடு. உங்க அண்ணிக்கும் ஒத்தாசையா இருக்கும். பின்னாடி ரூம ஒழிச்சிக் குடுக்கறேன்" என்றார். அந்தப் பின்னறையை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் கொட்டகையின் சுவர். அதில் எங்கள் அத்தை ஒருத்தி இருந்தாள், நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது. தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு ஒரு வீடு அந்த அறையைத் தயாராக வைத்துக்கொண்டே இருக்கிறது, ஐயா. உங்களுக்கு அது புரியாமல் போகலாம், உங்களைக் குறை சொல்லவில்லை.

என் எண்ணம் சின்னதுதான். அவள் பம்பாய்க்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். புறப்படும் சமயத்தில் கண்ணில் ஏதாவது வந்தால் பயணம் தள்ளிப்போகும். ஒருமுறை எனக்கே மருந்தின் ஆவி பட்டு விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தது. கண் சிவந்து நீர் வடிந்தது. பிறகு தானாகவே சரியாகிவிட்டது. ஆகவே அனுபவம் இல்லாமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு நாள் மாலை அவள் மாதா கோவிலில் பூசைக்குப் போயிருந்தபோது அவளுடைய தட்டில், காளான்களுக்கு நடுவே, ஆஸ்மியத்தைத் திறந்து வைத்து மூடினேன். எங்கள் காளான் ஏற்கெனவே கரும்பழுப்பு. மழைநாள் வெளிச்சத்தில் அது கருத்திருப்பது தெரியாது. மருந்துக்கு நெடி உண்டு, ஆனால் அந்த நெடி எங்கள் அறையில் எப்போதும் இருந்தது, எங்கள் புடவைகளிலேயே இருந்தது. நின்றுபோன காளான் மறுநாள் மூச்சு விடாது என்பது எனக்குத் தெரியும். மூச்சு வராவிட்டால் அவள் என்ன செய்வாள் என்பதும் தெரியும்.

காலையில் நான் தொட்டியடியில் கண்ணாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் மூடியைத் தூக்கினாள். "பொன்ழூர்" என்றாள். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை.

"என்னா சுலோ, இன்னிக்கு மூச்சே விடல?"

"இன்னும் கொஞ்சம் கிட்ட பாரு" என்றேன்.

அதை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவள் எப்படியும் குனிந்திருப்பாள். ஆனால் சொன்னேன், அதனால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "லைட்ட சுத்தி வளையம் தெரியுதுடி, மாதா தலைக்குப் பின்னாடி போடுவாங்களே, அந்த மாதிரி" என்று சிரித்தாள். மறுநாள் கண் கோவைப்பழமாகச் சிவந்துவிட்டது. ஊரெல்லாம் கண்வலி பரவியிருப்பதாகச் சொல்லி பன்னீர் நனைத்த துணியைக் கட்டிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். மழை விடட்டும் என்றேன். பம்பாய் ரயிலுக்கு எடுத்த டிக்கெட்டை நானே போய் ரத்து செய்தேன். இரவும் பகலும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கஞ்சி ஊட்டிவிட்டேன். "நீ மட்டும் இல்லன்னா நான் என்னா பண்ணியிருப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் அதைச் சொல்லக் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது.

பிறகு அவளுக்குத் தேறத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் துணியை அவிழ்த்துவிட்டு, என் புடவைக் கரையின் நிறத்தைச் சரியாகச் சொன்னாள். ஆய்வறைக்குப் போய் மிச்ச வேலையை முடிக்க வேண்டும், அடுத்த கப்பலுக்காவது போய்ச் சேர வேண்டும் என்றாள். நான் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். அதற்கு முன்பே இன்னொரு தட்டு வைத்திருந்தேன். இந்த முறை மருந்து கூடுதல். கண் மங்கலாக இருந்ததால் அவள் இன்னும் நெருங்கிக் குனிந்தாள், நான் அவள் முதுகில் கை வைத்துத் தாங்கிக்கொண்டு நின்றேன்.

முதல் தட்டு பயணத்தைத் தள்ளிப்போட என்றால் இரண்டாவது தட்டு எதற்கு என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். கப்பல் ஒன்றோடு முடிவதில்லையே, ஐயா. அடுத்தது வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு கப்பலுக்கும் நான் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா?

ஆஸ்பத்திரியில் கருவிழி வெந்துபோய்விட்டது என்றார்கள். கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். குப்பியைக் கடைசியாக எடுத்துவைத்தது கலியமூர்த்தி என்று சொன்னேன். அவர் கும்பிட்டார், விழுந்தார். நான் அவரைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் எனக்கு வருத்தமாக இருந்தது. அவருக்கு ஊரில் கொஞ்சம் நிலம் உண்டு, பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

ஆய்வறை போய்விட்டது. நறுக்க ஆள் இல்லையென்றால் வேலையும் இல்லைதானே. அதற்கு நான் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கவில்லை, எல்லாமும் வேண்டும் என்றால் யாருக்குக் கிடைக்கிறது. அவள் கடைசியாக நறுக்கிய சீவல்களின் படங்கள் பாரிஸிலிருந்து வந்தன. தினமும் கல்லூரி விட்டு வந்ததும் ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவளுக்குச் சொல்வேன். இந்தப் பையில் சவ்வு இப்போதுதான் மடிகிறது, இதில் சுவர் பாதி எழும்பியிருக்கிறது என்று. ஆரம்பத்தில் நிறையக் கேள்வி கேட்பாள். பிறகு குறைத்துக்கொண்டாள். அமைதி வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

ஒரே ஒரு தடவை மட்டும், "சுலோ, அன்னிக்கி ஏன் மூச்சு விடல? ரெண்டு வாட்டியும் விடல" என்றாள்.

"மழைக்கு முதிர்ச்சி தள்ளிப்போயிருக்கும்" என்றேன்.

"ஆமாம், அப்படித்தான் இருக்கும்" என்றாள். அவள் என்னை நம்பினாள், அவளுக்கு எப்போதும் நல்ல மனசு. அதன் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை. வீட்டுக்குள் சுவரையும் கதவையும் ஜன்னலையும் தடவிக்கொண்டு நடப்பாள். நுணுக்க வேலைக்குப் பழகிய விரல், சும்மா இருக்காது. நான் தடுப்பதில்லை.

அவ்வளவுதான், ஐயா. ஸ்டெல்லாமேரியின் கண்ணைப் போக்கியது நான். கலியமூர்த்தி மேல் தப்பு இல்லை, அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கலாம், நானே பரிந்துரை எழுதித் தருகிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்புவேன். இதையெல்லாம் அவளிடம் யாரும் சொல்ல வேண்டாம் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள். அவள் நிம்மதியாக இருக்கிறாள். என்னைவிட்டால் அவளுக்கு யாரும் இல்லை என்பதை நீங்களே இப்போது கேட்டீர்கள், ஆகையால் என்னை அதிக நேரம் இங்கே வைத்திருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

என்ன சொல்கிறீர்கள்?

புகார் கொடுத்தது கலியமூர்த்தி இல்லையா. ஸ்டெல்லாவா. இன்றைக்குக் காலையில், நான் கல்லூரிக்குக் கிளம்பிய பிறகா. பின்கதவுக் கீலின் திருகாணிகளைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிக் கழற்றி வைத்திருந்தாளா. பக்கத்து வீட்டுப் பார்வதி ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டாளா. நான் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறாளா.

இருக்காது, ஐயா. வேறு யாரையோ பார்த்துவிட்டு அவள் என்று நினைத்துக்கொண்டீர்கள். அவள் வீட்டில் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். தினமும் போலத்தான் இன்றைக்கும் வெளியே பூட்டிவிட்டு வந்தேன். சாவி இதோ என் இடுப்பில் இருக்கிறது, நீங்களே பாருங்கள்.